ஒரே கொடி, நாலு கோஷ்டி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வந்தாலும் இந்தக் கேள்வி வரும், தேர்தல் முடிந்தாலும் வரும். "இவ்வளவு சண்டை போடுறவங்க ஏன் இன்னும் ஒரே கட்சியில இருக்காங்க?" நாகர்கோவிலில் கேட்டாலும் குழித்துறையில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான், கட்சிப் பெயர் மட்டும் மாறும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எந்தக் கட்சியையும் குறிவைத்து எழுதியதல்ல. உதாரணங்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் வரும்.

கோஷ்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு தலைவர், அவர் தயவில் பொறுப்பு வாங்கிய பத்துப் பேர், அந்தப் பத்துப் பேரை நம்பி நிற்கும் நூறு பேர். அவ்வளவுதான். இதற்கு உறுப்பினர் அட்டை கிடையாது. ஃபிளெக்ஸில் யார் படம் பெரிதாக இருக்கிறது, யார் படம் "இடமில்லாமல்" விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தலைவர் பிறந்தநாளில் சிலைக்கு மாலை போடுவதிலும் தெரியும். ஒரே கட்சி இரண்டு தடவை வரும். முதல் குழு மாலை போட்டு, படம் எடுத்து, கார் கிளம்பிய பிறகுதான் அடுத்த குழு ரோட்டைக் கடக்கும். இரண்டு குழுவும் போடும் கோஷம் ஒன்றுதான். கடைசியில் "வாழ்க" என்று சொல்லும் உள்ளூர்ப் பெயரில்தான் வித்தியாசம்.

இவ்வளவு பகை இருந்தும் ஏன் தனிக்கட்சி தொடங்குவதில்லை?

பிரிக்க முடியாத சொத்து ஒன்று நடுவில் இருப்பதால். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது தோப்பையும் வயலையும் அளந்து பிரித்துவிடுவார்கள். பத்திரத்தில் கிணறு மட்டும் பொது என்று எழுதியிருக்கும். பேச்சு வார்த்தை நின்றுபோன பிறகும் இரண்டு பேரும் அந்தக் கிணற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். கட்சியில் அந்த இடத்தில் இருப்பது சின்னம்.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியின் கைக்கு ஏ படிவம், பி படிவம் என்று இரண்டு தாள் போய்ச் சேர வேண்டும். இந்தக் கட்சியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று ஏ படிவம் சொல்லும். அவர் யாரை வேட்பாளராக ஒப்புக்கொள்கிறார் என்று பி படிவம் சொல்லும். அந்தத் தாள் இருந்தால் முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும், சின்னம் தானாக வந்துவிடும். இல்லாவிட்டால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும்; தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஏதோ ஒரு சின்னம் வரும்; வாக்குப்பதிவு எந்திரத்தில் பெயர் அடியில் போய்விடும், ஏனென்றால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் மேலே, பதிவு பெற்ற மற்றக் கட்சிகள் நடுவில், சுயேச்சைகள் கடைசியில் என்பதுதான் வரிசை. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வராவிட்டால் கட்டிய டெபாசிட்டும் போச்சு. சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி.

இருபது வருடம் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சீட் கிடைக்காத அன்றைக்கு ராத்திரி கட்சி அலுவலகத்தில் நாற்காலி பறந்தாலும், மறுநாள் காலையில் அதே ஆள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பிரசார ஜீப்பில் ஏறுகிறார்.

சின்னத்தைவிட ஆள்தானே முக்கியம்?

பெரும்பாலும் இல்லை. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அதிமுக இரண்டாகப் பிரிந்து, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப்புறாவிலும் நின்றன. சேவலுக்கு 27 இடம் வந்தது, புறா ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை, ஆட்சி திமுகவுக்குப் போனது. அடுத்த மாதமே இரண்டு அணிகளும் சேர்ந்தன, இரட்டை இலை திரும்ப வந்தது. மார்ச்சில் தேர்தல் நடந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு தொகுதிகளிலும் அதிமுக ஜெயித்தது. நடுவில் கொள்கை எதுவும் மாறவில்லை. 2017-இலும் அதே கதை: மார்ச்சில் சின்னம் முடங்கியது, ஆகஸ்டில் பழனிசாமி அணியும் பன்னீர்செல்வம் அணியும் இணைந்தன, நவம்பரில் இலை கிடைத்தது. 2022-இல் மறுபடி பிரிந்தார்கள் என்பது வேறு விஷயம். அப்போது கட்சி அமைப்பு யார் கையில் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

நம் ஊர்ப் பக்கம் பார்த்தால் விளவங்கோடு. விஜயதரணி அங்கே 2011, 2016, 2021 என்று மூன்று முறை காங்கிரஸ் சார்பில் வென்றவர். 2024 பிப்ரவரியில் அவர் பதவியை விட்டுவிட்டுப் பாஜகவில் சேர்ந்தார். மக்களவைத் தேர்தலோடு சேர்ந்து வந்த இடைத்தேர்தலில் பாஜக வேறொருவரை நிறுத்தியது. காங்கிரஸ் தாரகை கத்பர்ட்டை நிறுத்தி, தொகுதியைத் தக்க வைத்தது. மூன்று தடவை விழுந்த வாக்கில் எவ்வளவு ஆளுக்கு, எவ்வளவு கைக்கு என்று கேட்டால், அந்த முடிவே பதில்.

ஆனால் விதிவிலக்கும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1969 நவம்பரில் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் இந்திராவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பழைய இரட்டைக் காளைச் சின்னம் 1971 தேர்தலில் இரண்டு தரப்புக்கும் இல்லை. தமிழ்நாடு முழுக்க அவரது ஸ்தாபன காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோது ஒரே ஒரு மக்களவைத் தொகுதி அதன் கையில் நின்றது, நாகர்கோவில். இத்தொகுதி எம்.பி.யாக இருந்த நேசமணி மறைவால் வந்த 1969 இடைத்தேர்தலில் இங்கே வென்றிருந்த காமராஜரே மறுபடியும் நின்று வென்ற இடம் அது. சின்னத்தை மீறி ஜெயிக்கக் காமராஜர் அளவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அவர் கட்சியின் மற்ற வேட்பாளர்களுக்கு அது வாய்க்கவில்லை.

கொள்கைதான் கட்சியை ஒட்ட வைக்கிறது என்று மேடையில் சொல்கிறார்களே?

கொள்கை ஒட்ட வைக்கும்தான், ஒரே ஒரு கொள்கையாக இருந்தால். இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்துத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இதற்கு நல்ல உதாரணம். நேசமணி, தாணுலிங்க நாடார், அப்துல் ரசாக், குஞ்சன் நாடார், சிதம்பரநாதன் ஆகியோர் மதத்தாலோ, வட்டாரத்தாலோ, குணத்தாலோ ஒத்துப்போகக்கூடியவர்கள் அல்லர். வழக்கறிஞரும் இருந்தார்கள், களத்தில் அடி வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குள் பிளவு வந்தது, மறுபடி சேர்ந்தார்கள். ஆனால் கேட்டது ஒன்றே ஒன்று: தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் குமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போனது.

அப்புறம் என்ன ஆனது? கோரிக்கை நிறைவேறியதும் கட்சிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதன் தலைவர்கள் காங்கிரஸுக்குள் வந்தார்கள். 1957-இல் தாணுலிங்க நாடார் காங்கிரஸ் வேட்பாளராக நாகர்கோவில் மக்களவை உறுப்பினரானார். பல ஆண்டுகள் கழித்து அவர் இந்து முன்னணியின் தலைவராக இருந்தார். நேசமணி கடைசிவரை காங்கிரஸ்காரர். ஒரே கோரிக்கைக்காக ஒரே மேடையில் நின்ற இருவர், அது முடிந்ததும் எவ்வளவு தூரம் விலகிப் போக முடியும் பாருங்கள்.

இப்போதைய கட்சிகளுக்கு அப்படி ஒற்றைக் கோரிக்கை எதுவும் இல்லை. நூறு விஷயத்தில் நூறு நிலைப்பாடு. ஆகவே கொள்கையை மட்டும் நம்பி ஒரு மாவட்டக் கமிட்டியைக் கூட நடத்த முடியாது என்பது என் கருத்து.

தோற்ற கோஷ்டிக்கு என்னதான் கிடைக்கிறது?

அடுத்த வாய்ப்பு. எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். தோற்றவனுக்கு "அடுத்த தடவை நம்ம முறை" என்ற நம்பிக்கை இருக்கிற வரை அவன் வெளியே போகமாட்டான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத் தெரிந்த தலைவர்தான் கட்சியை உடையாமல் வைத்திருக்கிறார்.

இதில் காமராஜரை மிஞ்ச ஆளில்லை. பழைய காங்கிரஸில் ராஜாஜி கோஷ்டி, சத்தியமூர்த்தி கோஷ்டி என்று இரண்டு இருந்தன. காமராஜர் சத்தியமூர்த்தியின் ஆள். 1940-இல் மாகாணக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் ராஜாஜி தரப்பு நிறுத்திய சி.பி. சுப்பையாவை மூன்றே வாக்கில் தோற்கடித்து வந்தார். 1954-இல் ராஜாஜி முதல்வர் பதவியை விட்டபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியம் எதிர்த்து நின்றார். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் 93, சுப்பிரமணியம் 41. ஜெயித்த கையோடு காமராஜர் அமைத்த அமைச்சரவையில் மொத்தம் எட்டே பேர். அந்த எட்டில் சுப்பிரமணியமும் உண்டு, பக்தவத்சலமும் உண்டு. எதிர்த்து நின்றவருக்குச் சிறு இலாகா கொடுத்து மூலையில் உட்கார வைக்கவும் இல்லை. நிதித் துறையை அவரிடமே விட்டார். அந்த 41 பேர் எதற்குக் கட்சியை விட்டுப் போவார்கள்?

இன்றைக்கு மாவட்ட அளவில் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். அரசுக் கணக்கில் குமரி ஒரே மாவட்டம். கட்சிக் கணக்கில் கிழக்கு மாவட்டம், மேற்கு மாவட்டம். திமுக, அதிமுக, காங்கிரஸ் எல்லாவற்றிலும் இந்தக் கிழக்கும் மேற்கும் உண்டு. நிர்வாக வசதி என்று காரணம் சொல்வார்கள், அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டும்போது நாற்காலியை இரண்டாக்குவது பழைய வித்தை. அது போதாவிட்டால் இருக்கவே இருக்கிறது மாநிலப் பொதுக்குழு, செயற்குழு, தொழிற்சங்கம், இளைஞர் அணி, மீனவர் அணி, வர்த்தக அணி. லெட்டர்பேடில் அச்சடிக்க ஏதாவது ஒன்று.

மேலிடம் எதற்கு? உள்ளூரிலேயே பேசி முடிக்கக்கூடாதா?

முடியாது. உள்ளூர்க்காரர் எவர் தீர்ப்புச் சொன்னாலும் அவர் ஏதோ ஒரு கோஷ்டி. தீர்ப்பு சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்தால் தோற்றவர் மானம் போகாமல் தலையாட்டலாம்: "தலைமை சொல்லிட்டு, நாம என்ன செய்ய?" தலைமைக்கும் இதில் லாபம் உண்டு. இரண்டு கோஷ்டியும் சமமாக இழுத்துக்கொண்டிருந்தால்தான் தன்னைத் தேடி வருவார்கள் என்று எண்ணி, வேண்டுமென்றே சண்டையைத் தீர்க்காமல் விடும் தலைமைகளும் உண்டு.

கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பயந்துதான் போகாமல் இருக்கிறார்களா?

எம்.எல்.ஏ., எம்.பி. என்றால் ஆம், ஓரளவுக்கு. 1985-இல் வந்த சட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் சேர்ந்து பிரிந்தால் பதவி பறிபோகாது என்று ஒரு சந்து இருந்தது. 2003-இல் அதை அடைத்தார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால்தான் தப்பலாம். கோஷ்டி என்பது எப்போதும் அதைவிடச் சிறியது. பெரியதாக இருந்தால் அதுதான் கட்சியாகிவிடுமே. ஆனால் இந்தச் சட்டம் ஒன்றியச் செயலாளரையோ கிளைச் செயலாளரையோ தொடாது. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், வரலாம்.

கம்யூனிஸ்ட் கட்சிகளில் கோஷ்டி கிடையாது என்கிறார்களே?

விதிப்படி கிடையாது. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், முடிவெடுத்த பிறகு எல்லாரும் அதையே பேச வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் முந்திரி ஆலை, ரப்பர் தோட்டத் தொழிலாளர்களிடையே மார்க்சிஸ்ட் கட்சி வேரூன்றியதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம். ஆனால் எல்லைக்கு அப்பால் பாருங்கள்: அச்சுதானந்தனும் பினராயி விஜயனும் பத்திரிகையில் வெளிப்படையாக மோதியதற்காக 2007-இல் இருவரையுமே அரசியல் தலைமைக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். அப்போது அச்சுதானந்தன் கேரள முதல்வர், பினராயி கட்சியின் மாநிலச் செயலாளர். மனிதர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே கோஷ்டி இருக்கும். தண்டனைதான் கூடக்குறைய இருக்கும்.

சாதி, மதம்தானே உண்மையான கோஷ்டி?

பாதி உண்மை. இந்த மாவட்டத்தில் கடற்கரை வேறு, மேற்கே ரப்பர் நாடு வேறு, தோவாளை வயல்காடு வேறு. எந்த ஒரு சமூகத்தை மட்டும் வைத்தும் நாகர்கோவிலையோ குளச்சலையோ ஜெயிக்க முடியாது. அதனால் பெரிய கட்சி எதுவும் பல தரப்பையும் உள்ளே வைத்தாக வேண்டும், உள்ளே வைத்தால் சண்டை வந்தாக வேண்டும். ஆனால் ஒரே சாதி, ஒரே சபை, ஒரே தெருக்காரர்கள் இருவர் எதிரெதிர்க் கோஷ்டியில் இருப்பதையும் தினம் பார்க்கிறோம். சீட் ஒன்றுதானே.

அப்படியானால் எப்போதுதான் உடையும்?

தோற்றவருக்கு அடுத்த வாய்ப்பே இல்லை என்று தெரிந்தால் உடையும். வெளியே போனாலும் பிழைக்கலாம் என்று தெரிந்தால் உடையும். இரண்டும் சேர்ந்து வந்தால் நிச்சயம்.

முதல் வகைக்கு நம் மண்ணிலேயே நடந்தது ஒன்று. 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுபிள்ளை முதல்வர். அவரது பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு இருந்தது 19 இடம்தான். காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கியது. அந்த ஆகஸ்ட் 11-இல், தமிழ்த் தாலுகாக்களைச் சேர்க்கக் கோரிய தெற்கெல்லைப் போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா தன் கட்சி முதல்வரையே ராஜினாமா செய்யச் சொன்னார். நிராயுதபாணிகளைச் சுடும் அரசு சோஷலிஸ்ட் அரசாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். கட்சித் தலைமை அதற்கு இணங்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்து 1955-இல் கட்சி உடைந்து, லோகியா தனியாகச் சோஷலிஸ்ட் கட்சி கண்டார். அந்த உடைப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் மார்த்தாண்டத்துத் துப்பாக்கிச் சூடுதான் பெரிய விரிசல். நவம்பர் 1 விழா மேடைகளில் தியாகிகளைப் பற்றிப் பேசுகிறோம். அந்தத் தோட்டாக்கள் ஓர் அகில இந்தியக் கட்சியையும் பிளந்தன என்பதை யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது வகை 1996. நரசிம்மராவ் தலைமை அதிமுகவோடு கூட்டணி என்று முடிவெடுத்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸில் பெரும்பகுதி மூப்பனாரோடு வெளியேறித் தமிழ் மாநில காங்கிரஸ் ஆனது. கையில் புதுச் சின்னமான சைக்கிள், பக்கத்தில் திமுக. மக்களவையில் 20 இடம். நாகர்கோவிலில் காங்கிரஸ் சார்பில் நான்கு முறை வென்றிருந்த டென்னிஸ் சைக்கிளிலும் வென்றார். மேலே சின்னத்தைப் பற்றிச் சொன்னதற்கு இது முரண் இல்லையா என்று கேட்கலாம். வெளியேறியது கோஷ்டி அல்ல, கிட்டத்தட்டக் கட்சியே. பூத்தில் உட்காருகிறவர், கொடி கட்டுகிறவர், கூட்டணி எல்லாம் கூடவே போய்விட்டன. பெயர்ப்பலகை மட்டும் பின்தங்கியது. அதிலும் மூப்பனார் 2001-இல் மறைந்ததும் அடுத்த ஆண்டே திரும்பி வந்து காங்கிரஸில் கலந்துவிட்டார்கள்.

வெளியே போனவர்கள் திரும்பி வந்தால் மரியாதை இருக்குமா?

இருக்கும். கேரளத்தில் காங்கிரஸ் தலைவர் கருணாகரன் 2005-இல் தனிக்கட்சி தொடங்கி, அதைத் தேசியவாத காங்கிரஸில் கரைத்து, 2007 கடைசியில் பழைய வீட்டுக்கே திரும்பினார். திரும்பி வந்தவருக்குப் பொன்னாடை உண்டு. அவரை நம்பிக் கூடப் போன கிளைச் செயலாளருக்குப் பழைய பொறுப்பு கிடைக்குமா என்பதுதான் சந்தேகம். அந்த இடத்தில் ஏற்கெனவே இன்னொருவர் லெட்டர்பேடு அடித்திருப்பார்.

கோஷ்டியால் கட்சிக்கு நன்மை ஏதாவது?

உண்டு. சுதந்திரத்துக்குப் பிந்தைய காங்கிரஸை ஆராய்ந்த அரசியல் அறிஞர் ரஜினி கோத்தாரி, எதிர்க்கட்சி செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியைக் கட்சிக்குள் இருந்த கோஷ்டிகளே செய்தன என்று காட்டினார். அது சரிதான். அமைச்சரின் ஆள் ஒருவர் மணல் அள்ளினால், முதல் புகார் எதிர்க்கட்சியிடமிருந்து வராது, அதே கட்சியின் எதிர்க்கோஷ்டியிடமிருந்துதான் வரும். தேதி, வண்டி நம்பரோடு வரும். ஆனால் இரண்டு கோஷ்டியின் இழுபறியில் ஒரு வார்டுக் குடிநீர்க் குழாய் மூன்று வருடம் கிடப்பில் கிடந்தால், அந்த வார்டுக்காரருக்குக் கோத்தாரி ஆறுதல் தரமாட்டார்.

எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். இது கட்சி விரோதம் இல்லையா?

இல்லை. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கும்தான் கட்சிச் சின்னம். ஒரே நாளில், ஒரே பூத்தில் இரண்டு விதமும் நடக்கும். இளஞ்சிவப்புச் சீட்டில் ஊராட்சித் தலைவருக்கு ஒருவரையொருவர் கிழித்துக்கொள்ளும் மூவரும், மஞ்சள் சீட்டில் மாவட்ட ஊராட்சி வேட்பாளருக்குச் சேர்ந்தே வாக்குக் கேட்பார்கள். ஒரே வீட்டுக்கு, ஒரே சாயங்காலம், மூன்று தனித்தனி நோட்டீஸ் வரும். மூன்றிலும் அடியில் அதே மாவட்ட வேட்பாளர் பெயர் இருக்கும்.

கட்சித் தலைமை அந்த மூவரில் யாரையும் ஆதரிப்பதாகச் சொல்லாது. எண்ணி முடித்த பிறகு ஜெயித்தவருக்குச் சால்வை போட்டு, "நம்ம ஆள்தான்" என்று சொல்லிவிடும். தோற்ற இருவர் அடுத்த கூட்டுறவுச் சங்கத் தேர்தல் எப்போது என்று விசாரிக்கத் தொடங்குவார்கள்.